நனையாத சட்டை

நான் வேலை பார்த்த வார்ப்புத் தொழிற்சாலையில் இப்போது இரும்பு உருக்கும் ஃபர்னேஸ் பக்கத்துச் சுவரில் ஒரு மீட்டர் மாட்டியிருக்கிறார்களாம். சூடு அளவு மீறினால் சிவப்பு விளக்கு எரியுமாம், கூடவே கத்துமாம். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நர்ஸ் போனில் இதைச் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல என்ன மேடம் வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். டாக்டர் ராவின் புறங்கையை வைத்திருந்தோம் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். விளையாட்டில்லை. அந்தக் கை பக்கத்தில் இருக்கும்போதே நான் செய்த தப்பினால் ஒரு மனிதர் சாவைத் தொட்டுவிட்டு வந்தார். அதைப் போனில் சொல்லச் சங்கடமாக இருந்தது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சொந்த ஊர் எலத்தகிரி. நர்சிங் மூன்று வருஷம், வார்டில் ஒன்பது வருஷம், நடுவில் ஒரு கல்யாணம், ரெண்டு பிள்ளைகள். அதற்கப்புறம் ஓசூரில் பாகலூர் சாலையில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் மெடிக்கல் ரூம். பெயர் சகாயமேரி என்றாலும் கேட் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் நான் 'சிஸ்டர்'தான். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குத் தூண் நட்டுப் பெங்களூர் ரோட்டையே அடைத்து வைத்திருந்தார்களே, நான் சொல்லப்போவது அந்த வருஷங்களில் நடந்தது.

சேரும்போது எனக்குச் சூட்டைப் பற்றி ஒரு பயமும் இல்லை. வார்டில் காய்ச்சல் பார்த்துப் பார்த்துக் கை பழகியவள். போதாததற்கு ஊர் ஓசூர். ஏப்ரலிலும் விடியற்காலையில் போர்வையைத் தேடுகிற ஊரில் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று ஒரு மிதப்பு. டாக்டர் ராவ் முதல் வாரத்திலேயே அதை இறக்கினார்.

"காய்ச்சல்ல உடம்பே சூட்டை ஏத்திக்கும் சிஸ்டர். அது உடம்போட முடிவு. இங்கே ஃபர்னேஸ் சூடு வெளியே இருந்து வருது, வேலை செய்யற தசையில இருந்து உள்ளே வருது. அதைத் தள்ள முடியாம உடம்பு தோத்துப் போறது வேற. ரெண்டுக்கும் ஒரே மாத்திரை குடுத்தா ஆள் போயிடுவார்."

ராவ் பட்டாளத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலைவனப் பக்கம் பல வருஷம் இருந்திருக்கிறார். வீடு பெங்களூர், வீட்டில் கன்னடம், எங்களிடம் பேசும் தமிழ் கொஞ்சம் நொண்டும். வாரத்தில் மூன்று நாள் கம்பெனி பஸ்ஸில் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. லோடு இறக்குகிறவரையும் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் ரெண்டு தரம் துடைப்பார்.

கோடையில் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஃபர்னேஸ் பக்கம் போவார், நான் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு. ஒவ்வொருவரின் பின்கழுத்தில், காலருக்குள்ளே புறங்கையை விடுவார். கை ஈரமாக வந்தால் தலையாட்டுவார். பிறகு ஒரே கேள்விதான். "ஐயா, கிருஷ்ணகிரியில பஸ் ஏறினா ஓசூர் வரைக்கும் ஸ்டாப் எல்லாம் சொல்லுங்க." குருபரப்பள்ளி, மேலுமலை, சூளகிரி, காமன்தொட்டி, பேரண்டப்பள்ளி, ஓசூர் என்று கடகடவென்று வரும். "இப்போ திருப்பி வாங்க" என்பார். அங்கேதான் பரீட்சை. போகும்போது வாய் பழக்கத்தில் சொல்லிவிடும், திரும்பி வர மூளை வேண்டும் என்பது அவர் கணக்கு. சூடு முதலில் தொடுவது மூளையைத்தான், ஆனால் தொட்டது அந்த மூளைக்கே தெரியாது என்பார். "டிக்கெட் எப்ப சார் குடுப்பீங்க?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவரும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "சில்லறை இல்லை" என்பார்.

இன்னொன்று எடை. ஷிப்டுக்கு வரும்போது ஒருமுறை, முடித்துத் துண்டால் துடைத்த பிறகு ஒருமுறை. குறைந்தது வேர்வை. அதைத் தேதிவாரியாக எழுதுவது என் வேலை. அதை எழுதியபோதுதான் எனக்குள் ஒரு பிரமிப்பு வந்தது, இன்றுவரை அது போகவில்லை. புதிதாக வந்தவரை ராவ் முதல் நாள் ஃபர்னேஸ் முன்னால் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க விடமாட்டார். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். முதல் நாள் அவருடைய நாடி குதிரை மாதிரி ஓடும், தலைவலி என்பார், சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படம் போட்டிருக்கும். பத்தாம் நாள் அதே ஆள், அதே வேலை. நாடி அடங்கியிருக்கும். வேர்வை முன்னைவிடச் சீக்கிரம் வரும், அதிகமாகவும் வரும், ஆனால் முதுகில் உப்பு குறைந்திருக்கும். உடம்பு தண்ணீரைத் தாராளமாக விட்டு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டது. யார் சொல்லிக்கொடுத்தது? நானும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஜெபம் செய்யும்போது அந்தச் சட்டைகள் ஞாபகம் வந்து நான் நன்றி சொன்னதுண்டு.

"லீவுல ரெண்டு மூணு வாரம் போனா இதுல பாதிக்கு மேல மறந்துடும். திரும்பவும் முதல்ல இருந்து" என்று ராவ் சொல்லியிருந்தார். எழுதியும் வைத்திருந்தேன்.

இனி முனிரத்தினம் அண்ணன். ஊத்தங்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்போது ஐம்பத்தாறு வயது. உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே ஊற்றலாமா வேண்டாமா என்று சொல்வார், கருவி வைத்துப் பார்த்தால் அதுவும் அதைத்தான் சொல்லும். ஃபர்னேஸ் முன்னால் இருபத்தைந்து வருஷம். எல்லோரும் மணிக்கொரு தரம் தண்ணீர் டிரம்முக்கு ஓடும்போது அவர் ஓடமாட்டார். சட்டை நனையாது. எடை போட்டால் அரைக் கிலோ கூடக் குறைந்திருக்காது. மற்றவர்கள் லிட்டர் கணக்கில் குடித்தும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைந்து நிற்பார்கள்.

"ஊத்தங்கரை வெயில்ல கடலக்கா புடுங்கினவன் சிஸ்டர். இந்த ஓசூர் நமக்கு நெழலு மாதிரி" என்பார்.

எடைக் கணக்கை மெடிக்கல் ரூம் வாசல் போர்டில் சனிக்கிழமை ஒட்டுவது வழக்கம். யாருக்கு ஆபத்து என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் ராவ் ஒட்டச் சொன்னார். ஆனால் நம் ஆட்கள் அதைப் பந்தயமாக்கிவிட்டார்கள். யார் எடை குறைவாகக் குறைந்ததோ அவர் அந்த வாரத்து வீரர். நனையாத சட்டை என்பது ஒரு பட்டம் போலவே ஆகிவிட்டது. முனிரத்தினம் அண்ணன் அந்தப் பட்டத்தை ரெண்டு கோடையாக யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கும் அதில் ஒரு குஷி. ஒரு சனிக்கிழமை அவர் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 'வெரி ஃபிட்' என்று எழுதி அடியில் ஒரு கோடும் போட்டேன். பழகிய உடம்புக்கு வேர்வை அதிகம் வரும் என்று பையன்களின் சட்டையில் என் கண்ணாலேயே பார்த்தவள் நான். நன்றாகப் பழகிய உடம்புக்கு வேர்வையே வராது என்று இவர் விஷயத்தில் எப்படி முடிவு கட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த வாரம் ராவ் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்தவர் போர்டைப் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

அந்த ஏப்ரலில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் லீவு போட்டார். திரும்பி வந்த திங்கட்கிழமை காலை லட்டோடு மெடிக்கல் ரூமுக்கு வந்தார். விதிப்படி நான் அவருக்கு ஃபர்னேஸில் ரெண்டு மணி நேரம் மட்டும் என்று சீட்டு எழுதியிருக்க வேண்டும்.

"எனக்குமா சிஸ்டர் சீட்டு? நேத்து வந்த பசங்களுக்கு எழுதுறத எனக்கு எழுதினா சிரிப்பானுங்க" என்றார்.

"உங்களுக்கெல்லாம் எதுக்குண்ணா" என்று சொல்லி முழு ஷிப்ட் எழுதினேன். லட்டு நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன்.

பதினொன்றரை மணிக்கு வெங்கடேஷ் ஓடி வந்தார். பேரிகை ஊர்க்காரர், அண்ணனோடு ஃபர்னேஸில் நிற்பவர். "சிஸ்டர், அண்ணா ஒரு மாதிரி பேசுறாரு. கம்பிய வச்சிட்டு கேட்டுப் பக்கம் போறாரு. கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறாரு" என்றார். அன்று ஒருவர் வராததால் உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கசடு அள்ளும் வேலையும் சேர்த்து அண்ணனே செய்திருக்கிறார். எப்போதும் சூட்டுக்கு ஒதுங்கி நிற்கத் தெரிந்த மனிதர் அன்று ஒதுங்க முடியாமல் நின்றிருக்கிறார்.

நல்லவேளை, அது ராவ் வருகிற நாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் சிவந்து, கண் எங்கோ இருந்தது. ராவ் காலருக்குள் புறங்கையை விட்டார். காய்ந்திருந்தது. "ஐயா, கிருஷ்ணகிரியில பஸ் ஏறினா?" என்று கேட்டார். அண்ணன் தெலுங்கில் பதில் சொன்னார். அவருக்கு வீட்டுமொழி தெலுங்கு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். திரும்பத் திரும்ப ஒரே வாக்கியம், கெஞ்சுகிற குரலில். வெங்கடேஷுக்கு அந்த மொழி தெரியும்.

"மாடு வெயில்ல நிக்குதாம் சார். அவுத்து நெழல்ல கட்டச் சொல்றாரு."

எரிந்துகொண்டிருப்பது அவருடைய உடம்பு. அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, யாருக்கோ தாங்க முடியாத வெயில் என்பது வரை தெரிந்திருக்கிறது. யாருக்கு என்பது மட்டும் மாறிவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு மாட்டுக்காக அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். அப்படியே கால் மடங்கி வெங்கடேஷ் மேல் சாய்ந்தார்.

நான் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றிரண்டு. ராவ் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தோலை நம்பாதீங்க சிஸ்டர்" என்று ஆசனவாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நூற்றேழைத் தொட்டிருந்தது.

அதற்குள் மேனேஜர் ஆம்புலன்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "பெங்களூர் கொண்டு போயிடலாம் சார், பெரிய ஆஸ்பத்திரி" என்று பதறினார். ராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரோடு இருக்கற நிலைமைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் இவர் மூளை தாங்காது. இங்கே குளிர வச்சிட்டுத்தான் வண்டி."

"ஏதாவது ஒண்ணு ஆயிட்டா சார்?"

"எழுதிக் குடுக்கறேன்" என்றார். இன்னொரு தரம் துடைத்தார். மேனேஜர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

வார்ப்புகளைக் கழுவுகிற நீளத் தொட்டி ஒன்று காலியாக இருந்தது. அதில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அண்ணனை இறக்கினோம். தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. கேன்டீன் ஐஸ் ரெண்டு தட்டுக்கு மேல் இல்லை. வெங்கடேஷ்தான் எதிர்ப்புறம் கையைக் காட்டினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரோஜாப்பூ கட்டி ஏற்றுமதி செய்கிற கொட்டகை. அங்கே குளிரறையில் பூக்களை வாளித் தண்ணீரில் நிறுத்தி வைத்திருப்பார்கள். பத்துப் பேர் ஓடினார்கள். அங்கே பூக்கட்டும் பெண்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூங்கொத்துகளைத் தரையில் போட்டுவிட்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு அவர்களே ரோட்டைக் கடந்து வந்தார்கள். முதல் வாளி விழுந்ததும் என் கை விறைத்தது. இலையும் இதழும் மிதக்க, அந்தத் தொட்டியில் அண்ணன் கழுத்து வரை கிடந்தார்.

ராவ் தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, தலை தண்ணீருக்குள் போகாமல் ரெண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். ரெண்டு பேர் கைகால்களைத் தேய்த்தார்கள், ஒருவர் அட்டையால் விசிறினார், ஒருவர் சூடேறிய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். நான் ஊசி குத்தி சலைன் ஏற்றினேன். வாயில் ஒரு சொட்டு விடக்கூடாது என்றார், நினைவில்லாதவருக்குப் புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரையை எடுக்கப் போன என் கையை ஒரு பார்வையில் நிறுத்தினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நான் அளவு சொன்னேன். நூற்றாறு. நூற்றைந்தரை. நூற்று நாலு. அண்ணன் பிழைக்கவில்லை என்றால் அந்தச் சீட்டில் இருக்கிற கையெழுத்து என்னுடையது என்பது ஒவ்வொரு எண்ணுக்கும் எனக்கு ஞாபகம் வந்தது. மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நூற்றிரண்டு வந்ததும், "போதும், தூக்குங்க. இதுக்கு மேல தானா இறங்கும்" என்றார் ராவ். தூக்கும்போது அண்ணன் முனகினார். முதலில் தெலுங்கு. கொஞ்ச நேரம் கழித்து, "குளுருது" என்றார் தமிழில். ராவ் குனிந்து அதே கேள்வியைக் கேட்டார். கண்ணை மூடியபடியே அண்ணன் ஒவ்வொரு ஊராகச் சொன்னார். குருபரப்பள்ளி. மேலுமலை. சூளகிரியில் நின்றுவிட்டார். சுற்றி நாற்பது பேர் நின்றிருந்தோம். வெகு நேரம் கழித்து, "காமன்தொட்டி" என்றார். வெங்கடேஷ் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை. உயிர் திரும்பி வருவதை வார்டில் பார்த்திருக்கிறேன். புத்தி ஊர் ஊராக நடந்து திரும்பி வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணனை ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகு ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லீவு, சீட்டு, போர்டு, சிவப்பு மை. திட்டுவார் என்று நின்றேன். ரெண்டு வருஷக் கணக்கையும் எடுத்து வரச் சொல்லி, முனிரத்தினம் பெயர் வரும் இடங்களில் விரலை ஓட்டினார்.

"வயசானா வேர்வைச் சுரப்பி அங்கேயேதான் இருக்கு சிஸ்டர், ஊத்து குறைஞ்சுடுது. சூட்டைத் தோலுக்குக் கொண்டு வர்ற ரத்தமும் மெதுவா வருது. தாகம் மூளை சொல்ற சேதி, அதையும் மெதுவாத்தான் சொல்லும். வயசுப் பையன் உடம்பு கத்தும். இந்த வயசுல அது காதுல ரகசியம் பேசற மாதிரி. சட்டை நனையலைன்னா அவர் ஜெயிச்சார்னு அர்த்தம் இல்லை. அவர்கிட்ட இருந்த ஆயுதம் குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

"பத்து வருசம் முன்னாடி அண்ணாவும் தொப்பலா நனைவாரு சார்" என்று வெங்கடேஷ் வாசலில் நின்றபடி சொன்னார்.

குறைந்த ஆயுதத்தோடு இத்தனை வருஷம் எப்படி நின்றார் என்று கேட்டேன். ராவ் முகத்தில் ஒரு வியப்பு வந்தது. "தொழில்தான். எங்கே நிக்கணும், எப்போ விலகணும், எத்தனை அடி நடந்தா போதும்னு அவருக்குத் தெரியும். உடம்பு விட்ட இடத்தை அறிவு பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. இன்னிக்கு அறிவுக்கு இடம் குடுக்காத வேலை." கணக்கை மூடி என்னிடம் கொடுத்தார். "எனக்கும் பங்கு உண்டு. போர்டு ஒட்டச் சொன்னவன் நான்தானே" என்றார். அன்றே போர்டைக் கழற்றினோம்.

அண்ணன் ரெண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். வார்த்தை கொஞ்சம் இழுத்து வரும், டம்ளர் பிடித்தால் வலது கை லேசாக நடுங்கும். ஃபர்னேஸ் பக்கம் போகக்கூடாது என்று ராவ் எழுதிவிட்டதால் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மணிக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும் என்பது உத்தரவு. கடிகாரத்தைப் பார்த்து மருந்து மாதிரி குடிப்பார்.

நான் ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகாமல் தட்டிக் கழித்தேன். பிறகு ஒரு நாள் போய், "அண்ணா, அன்னிக்கு உங்களுக்கு ரெண்டு மணி நேரம்தான் நான் எழுதியிருக்கணும். உங்க சட்டை நனையாதத நல்லதுன்னு நெனச்சு போர்டுலயும் தப்பா எழுதிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க சிஸ்டர். அத நீங்க எழுதினப்ப எவ்ளோ சந்தோசம் தெரியுமா? கல்யாணத்துல சம்பந்திகிட்ட கூடச் சொன்னேன். அம்பத்தாறு வயசுல கம்பெனிலயே நம்மதான் ஃபிட்டு, நர்சம்மாவே கோடு போட்டு எழுதியிருக்காங்கன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு ஒம்பது மணிக்கே ஒரு மாதிரி தலை சுத்துச்சு. லேசாத்தான். பின்னாடி வந்து உக்காந்துடலாம்னு பாத்தேன். போர்டுல பேரு வந்துச்சே, பசங்க பாக்குறானுங்களேன்னு நின்னுட்டேன்."

ராவ் சொன்னபடி அந்த உடம்பு ரகசியமாகத்தான் பேசியிருக்கிறது. ஆனாலும் நேரத்துக்குப் பேசியிருக்கிறது, அவர் காதிலும் விழுந்திருக்கிறது. நான் எழுதிய ரெண்டு வார்த்தைதான் அதைவிடச் சத்தமாக இருந்துவிட்டது.